முப்பத்தாறில் ஒன்றைக் கழித்தால்

1

இந்தக் கதை ஒரு பயிற்சிக் கணக்கிலிருந்து வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆறாவது கணக்கில் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டாள்.

‘ஐந்து எண்களின் சராசரி 18. அவற்றில் ஓர் எண் நீக்கப்பட்டால் சராசரி 20 ஆகிறது. நீக்கப்பட்ட எண் எது?’

பத்து என்றேன். அவள் எழுதிக்கொண்டு ஏழாவது கணக்குக்குப் போய்விட்டாள். என்னால் போக முடியவில்லை. அந்தப் பத்து வெளியேறியதும் மற்ற நான்கு எண்களும் கௌரவமாகிவிட்டன. அவற்றில் எதுவும் புதிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனான், அவ்வளவுதான்.

பார்த்தீர்களா, ‘எண்’ என்று தொடங்கி ‘பக்கத்தில் இருந்தவன்’ என்று முடித்திருக்கிறேன். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘காலை எட்டு மணிக்குக் கேம்ப் ரோட்டில் ஹாரன் சத்தத்தைத் தவிர வேறெதுவும் நகர்வதில்லை. பள்ளி வேன்களும் இருசக்கர வண்டிகளும் ஒன்றையொன்று —’

(அடித்துவிட்டேன். சாலையில் தொடங்கினால் ஆள் வந்து சேர இரண்டு பக்கம் ஆகும்.)

‘மாளவிகாவின் அம்மா படுத்த படுக்கையாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். அதனால்தான் அவளால் கணக்கில் —’

(இதையும் அடித்துவிட்டேன். ஏன் என்று நான்காவது பகுதியில் சொல்கிறேன்.)

‘மெட்டில்டா மிஸ் மனக்கணக்கில் புலி. வினை அங்கேதான் ஆரம்பித்தது.’

இது இருக்கட்டும்.

3

மெட்டில்டா மிஸ் மனக்கணக்கில் புலி. வினை அங்கேதான் ஆரம்பித்தது. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவொன்றில் இருந்த தனியார் பள்ளியில் பதினாறு வருடமாகக் கணக்கு ஆசிரியை. சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார். ஒன்பதால் வகுபட்டால் அன்றைக்கு மனசு லேசாக இருக்கும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டியிருப்பார்களே, அதையும் விடுவதில்லை.

சராசரிக்கு ஆங்கிலத்தில் ‘மீன்’ என்று சொல்லிக்கொடுக்கிற நாளில் ஒவ்வொரு வருடமும் வகுப்பு சிரிக்கும். யாராவது “வஞ்சிரமா மிஸ்?” என்று கேட்பதற்கு முன்னால் அவரே, “வறுக்கிற மீன் இல்ல, வகுக்கிற மீன்” என்று சொல்லிவிடுவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும்.

ஜனவரி மாதம், அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். தாளாளர் யக்ஞநாராயணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பட்டியலைப் பார்த்தார்.

“நைன்த் ஏ அறுபத்தாறு. பி அறுபத்திரண்டு. உங்க சி செக்‌ஷன் மட்டும் ஏன் மிஸ் அறுபதத் தொடாம அம்பத்தொம்பதுல நிக்குது?”

“ஒரு பொண்ணு ரொம்பக் கீழ இருக்கா சார். மாளவிகா. இருபத்திநாலு.”

“அந்தப் பொண்ண விட்டுட்டுப் பாத்தா?”

கேட்டுக்கொண்டே மேஜையிலிருந்த கால்குலேட்டரை நோக்கிக் கை நீட்டினார். கை அங்கே போய்ச் சேரவில்லை.

“அறுபது, சார்.”

“கரெக்டாவா?”

“கரெக்டா.”

தாளாளர் புருவத்தை உயர்த்தினார். அந்தக் கண நேரத்தில் மெட்டில்டாவுக்குப் பெருமையாக இருந்தது. அதை ஒளிக்க நான் விரும்பவில்லை. பதினாறு வருடத்தில் அந்த அறையில் அவரை யாரும் அப்படி வியந்து பார்த்ததில்லை.

“பாத்தீங்களா,” என்றார் யக்ஞநாராயணன். “அடுத்த வருஷம் டென்த். பப்ளிக் எக்ஸாம். ஒரு ஃபெயில் வந்தாக்கூட நூறு பர்சன்ட்னு கேட்ல போர்டு வைக்க முடியாது. அவங்க அப்பாவ சனிக்கிழமை வரச் சொல்லுங்க. வேற ஸ்கூல்னா பொண்ணுக்கும் ப்ரஷர் இருக்காதுன்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவங்களே டி.சி. கேட்டு லெட்டர் குடுத்துட்டா நமக்கும் சங்கடம் இல்ல. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“சரி சார்,” என்றார் மெட்டில்டா.

(யக்ஞநாராயணனை முதலில் வில்லனாக எழுதினேன். பெரிய மோதிரம், அதட்டல், எல்லாம் கொடுத்தேன். பிறகு கழற்றிவிட்டேன். தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர் அவர். மாளவிகாவின் பெயரும் அவருக்குத் தெரியும்.)

* கணக்கைச் சரிபார்க்கிற வாசகர்களுக்காக: 36 பேர், சராசரி 59. மொத்தம் 2124. அதில் 24 போனால் 2100. அதை 35 பேருக்கு வகுத்தால் 60. இவ்வளவு அழகாக வாழ்க்கையில் வராது. முதல் பிரதியில் மாளவிகா வாங்கியது 9 மதிப்பெண். அப்போது விடை 60.43 என்று உதிரியாக வந்தது. மெட்டில்டா யோசிக்காமல் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே அவளுக்குப் பதினைந்து மதிப்பெண் ஏற்றிக் கொடுத்தேன். இந்தக் கதையில் இதுவரை அவளுக்கு யாராவது உதவி செய்திருந்தால் அது இதுதான். அதையும் என் வசதிக்காகத்தான் செய்தேன்.

4

இப்போது மாளவிகாவைப் பற்றி.

அம்மாவுக்கு நோய் என்று எழுதியதை ஏன் அடித்தேன்? அப்படி எழுதியிருந்தால் நீங்கள் உடனே அவள் பக்கம் வந்திருப்பீர்கள். இருபத்திநாலுக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். பிறகு அவளைக் கபடியில் கெட்டிக்காரி ஆக்கிப் பார்த்தேன். ஓவியம் வரையச் சொன்னேன். ‘கணக்கில் இல்லாவிட்டால் என்ன, இதில் —’ என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பித்தேன். அதையும் விட்டுவிட்டேன். எனக்குள்ளேயும் ஒரு தாளாளர் உட்கார்ந்துகொண்டு, அவளை வைத்துக்கொள்ளக் காரணம் கேட்கிறார் என்று தெரிந்தது.

காரணம் எதுவும் இல்லை. மாளவிகாவின் அம்மா நன்றாக இருக்கிறார். அவளுக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருவாள். பேனா மூடியைக் கடிப்பாள். அவள் டிபன் பாக்ஸிலிருந்து மாவடுவை எடுக்கப் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் அனுமதி கேட்பதில்லை.

வியாழக்கிழமை நான்காவது பீரியட். புள்ளியியல் பயிற்சி. மெட்டில்டா கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். (ஆங்கிலத்தில்தான் எழுதினார், நான் தமிழில் தருகிறேன்.)

‘ஒரு வகுப்பில் 36 பேர். சராசரி மதிப்பெண் 59. அவர்களில் 24 மதிப்பெண் பெற்ற ஒருவரை விட்டுவிட்டால் புதிய சராசரி என்ன?’

ஏன் எழுதினார்? இந்தக் கதையில் எனக்குத் தீராத சந்தேகம் இதுதான். இரண்டு நாளாக அந்த எண்கள் அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லலாம். யாரிடமாவது சொல்லிவிடவேண்டும் என்று மனசு முட்டியிருக்கலாம். ‘யாருக்கு என்ன தெரியப்போகிறது’ என்ற அலட்சியமாகவும் இருக்கலாம். பெயரை எடுத்துவிட்டால் எண்ணுக்கு முகம் இருக்காது என்று கணக்கு ஆசிரியர்கள் நம்புகிறார்கள்.

“யார் போடறீங்க?”

முன் பெஞ்சில் நாலைந்து கைகள் உயர்ந்தன. பின்னாலிருந்தும் ஒரு கை. மாளவிகாவுடையது. அவள் கை உயர்த்தி மெட்டில்டா பார்த்ததே இல்லை.

“வா.”

அவள் வந்தாள். 36-ஐ 59-ஆல் பெருக்கும்போது உதடு அசைந்தது. ஓரிடத்தில் தப்பு வந்தது. உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி போட்டாள். 2124. அதில் 24 போக 2100. வகுக்கிற இடத்தில் நின்றுவிட்டாள். “முப்பத்தஞ்சு, எழுபது, நூத்தஞ்சு...” என்று விரல் விட்டாள். ஆறாவது விரலில் இருநூற்றுப் பத்து வந்தது. ஒரு பூஜ்யம் சேர்த்தாள்.

“அறுபது மிஸ்!”

யாரோ கேலியாகத்தான் கை தட்டத் தொடங்கினார்கள். அது எப்படியோ நிஜமான கைதட்டலாக மாறிவிட்டது. மெட்டில்டாவும் தன்னை மறந்து சிரித்துவிட்டார். கணக்கு ஆசிரியைக்கு வாழ்க்கையில் வேறு என்ன வேண்டும்?

மாளவிகா சாக்பீஸை வைத்துவிட்டு இரண்டடி நகர்ந்தாள். அப்புறம் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். எழுதும்போது கிட்டத்தில் தெரியாதது எட்ட நின்றபோது தெரிந்திருக்கவேண்டும். செவ்வாய்க்கிழமைதான் விடைத்தாள் கொடுத்திருந்தார்கள். அவளுடையதில் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த எண் பலகையிலும் இருந்தது. வகுப்பில் முப்பத்தாறு பேர்.

மேஜைக்கு அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“மிஸ், எங்கப்பாவ சனிக்கிழமை வரச் சொல்லி டைரில எழுதினீங்களே. இதுக்குத்தானா?”

மெட்டில்டாவின் கையில் டஸ்டர் இருந்தது.

“போய் உக்காரு,” என்றார்.

பிறகு வகுப்பைப் பார்த்து, “அடுத்தது மீடியன்,” என்றார். மதிப்பெண்களை ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பதை எடுக்கிற கணக்கு. அதே பட்டியலுக்கு அது 58. அந்த 24-ஐ எடுத்த பிறகும் 58. நடுவில் இருப்பவர்களுக்கு ஓரத்தில் யார் காணாமல் போனாலும் தெரிவதில்லை. (இந்த வாக்கியம் மெட்டில்டாவுடையது அல்ல, என்னுடையது. அவர் அப்போது எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.)

5

வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அதில் மெட்டில்டா ஜெபம் செய்தார், அழுதார், கணவரிடம் சொன்னார். எதுவும் நிற்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்: மாளவிகா வழக்கம்போல வந்தாள், வீட்டுப்பாட நோட்டைக் கொடுத்தாள், மெட்டில்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

6

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏகநாதன் வந்தார். மாளவிகாவின் அப்பா. பம்மலில் தோல் கையுறை தைக்கிற சின்னப் பட்டறை ஒன்றில் வேலை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரத்துக்குப் போய், அங்கே ஷேர் ஆட்டோ பிடித்துத் தினமும் போய்வருகிறவர். தேய்த்த சட்டை போட்டிருந்தார். விரல் இடுக்குகளில் சாயம் இருந்தது. மகளை வராண்டாவில் தண்ணீர்க் குழாய் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டு, மெட்டில்டா மட்டும் இருந்த வகுப்பறைக்குள் வந்தார்.

“வணக்கம் மிஸ். லேட்டாயிடுச்சு. பட்டறைல பர்மிசன் கேட்டுகினு வந்தேன்.”

“பரவாயில்ல. உக்காருங்க மாளவிகா அப்பா.”

அவர் உட்காரவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“பாப்பா சொல்லுச்சு மிஸ். போர்டாண்ட வந்து கணக்கு போட்டுச்சாமே? கிளாசே கை தட்டுச்சாம். வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அதே பேச்சு. காலண்டர் தாளுக்குப் பின்னால அந்தக் கணக்கயே அவங்கம்மாக்குப் போட்டுக் காமிக்குது. எனக்கு ஒண்ணும் பிரியல. ஆனா கடைசீல அறுவதுன்னு வந்துச்சு. டைரில நீங்க எழுதினத பாத்து மொதல்ல பயந்துட்டேன். அப்பால, இத்த சொல்லத்தான் கூப்ட்டுகிறீங்கன்னு...”

இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

இந்த இடத்திலிருந்து கதையை இரண்டு விதமாக எழுதினேன். முதலாவதில் மெட்டில்டா தாளாளர் சொன்னபடியே பக்குவமாகப் பேசுகிறார். ஏகநாதன் தலையாட்டுகிறார், கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார், நன்றி வேறு சொல்கிறார். எழுதுவதற்கு மிகவும் சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததால் பயந்துபோய் நிறுத்தினேன். இரண்டாவதில் மெட்டில்டா நேரே தாளாளர் அறைக்குள் நுழைந்து ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்து ஒரு பிரசங்கம் செய்கிறார். அதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, “இவங்க வீட்ல யார் சமைக்கறாங்க?” என்று கேட்டாள். அதையும் தூக்கிப் போட்டேன்.

மெட்டில்டா செய்தது இது.

“மொதல்ல உக்காருங்க,” என்றார் மறுபடியும். இந்தத் தடவை ஏகநாதன் உட்கார்ந்தார். சிறுவர்களுக்கான பெஞ்சு, முழங்கால் மேஜையில் இடித்தது.

“அந்தக் கணக்குல ஒருத்தர எடுத்துட்டாத்தான் அறுபது வரும். அந்த ஒருத்தர் உங்க பொண்ணு.”

“இன்னா மிஸ்?”

“கிளாஸ் ஆவரேஜ் அறுபது வரணும்னு ஸ்கூல்ல எதிர்பாக்கறாங்க. மாளவிகா இல்லேன்னா வந்துடும். நீங்களா கேட்டு அவள வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி லெட்டர் வாங்கணும்னு எங்கிட்ட சொன்னாங்க. அவள எடுத்தா எவ்ளோ வரும்னு கணக்குப் போட்டுச் சொன்னதும் நான்தான்.”

சிரிப்பு போக நேரம் எடுத்துக்கொண்டது. ஏகநாதன் பலகையைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

“அது இன்னா தப்பு பண்ணுச்சு மிஸ்?”

“ஒண்ணும் பண்ணல. மார்க் கம்மி.”

“எங்க பட்டறைலயும் உண்டு மிஸ். தையல் கோணலாப் போன பீஸ தனியா எடுத்து வெச்சிருவோம். லோடுல ஏத்த மாட்டோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா அது கிளவுசு மிஸ்.”

மெட்டில்டா தலையைக் குனிந்துகொண்டார்.

“பாப்பாக்கு இது தெரியுமா?”

“தெரியும். வியாழக்கிழமையே கண்டுபிடிச்சிட்டா.”

“எங்கிட்ட கை தட்டுனத மட்டும்தான் சொல்லுச்சு,” என்றார் ஏகநாதன். அதுவரை தாங்கியிருந்த குரல் அந்த வாக்கியத்தில் உடைந்தது. பள்ளி செய்தது அவருக்குப் பழக்கமான விஷயம். தன் மகள் பாதியை விழுங்கிவிட்டுப் பாதியைக் கொண்டுவந்து வீட்டில் சந்தோஷமாகக் கொடுத்திருக்கிறாள் என்பது புதிது. சாயம் படிந்த விரல்களால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இப்ப நான் இன்னா பண்ணணும்?”

“யார் கேட்டாலும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நீங்க எழுதிக் குடுக்காம அவங்களா அனுப்பத் தயங்குவாங்க.”

“உங்களுக்கு பேஜாராயிடாதா மிஸ்?”

“ஆகும்,” என்றார் மெட்டில்டா.

ஏகநாதன் எழுந்து வெளியே போனார். வராண்டாவில் மகளும் அவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மெட்டில்டாவுக்குக் கேட்கவில்லை. நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. அப்பா பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். மாளவிகா ஒரு முறை ஜன்னலைப் பார்த்தாள். மெட்டில்டா அங்கிருந்து விலகாமல் நின்றார். அன்றைக்கு அவரால் முடிந்த தைரியம் அவ்வளவுதான்.

7

திங்கட்கிழமை தாளாளர் கேட்டார். “லெட்டர் வாங்கிட்டீங்களா?”

“இல்ல சார். நான்தான் குடுக்க வேணாம்னு சொன்னேன்.”

யக்ஞநாராயணன் கத்தவில்லை.

“எனக்கும் அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல மிஸ். ஆனுவல் எக்ஸாம்ல கணக்குல முப்பத்தஞ்சு எடுத்துப் பாஸாகட்டும், டென்த் இங்கயே படிக்கட்டும். எடுக்கலேன்னா அவங்கப்பாகிட்ட நானே பேசிக்கறேன். உங்களுக்கு அடுத்த வருஷம் டென்த் கிடையாது, சிக்ஸ்த்தும் செவன்த்தும்தான்.”

“சரி சார்.” அதே இரண்டு சொற்கள். ஆனால் இந்தத் தடவை அவர் அறையைவிட்டு நேரே வகுப்புக்குப் போய் மாளவிகாவை மாலையில் காத்திருக்கச் சொன்னார்.

அன்று மாலையிலிருந்து பள்ளி விட்டதும் அரை மணி நேரம் மாளவிகாவுக்குத் தனிப் பயிற்சி. முதல் நாள் அவள் பையைக் கழற்றாமலே நின்றாள்.

“உக்காரு.”

“உங்க மேல கோவம்தான் மிஸ்.”

“தெரியும்.”

“கணக்க மட்டும் சொல்லிக் குடுங்க.”

உட்கார்ந்தாள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. சில நாள் ஐந்துக்கு நாலு தப்பு. ஒரு நாள் ஐந்தும் சரி. மறுநாள் அதே ஐந்தில் மூன்று தப்பு. கழித்தலில் கடன் வாங்கிய எண்ணைத் திருப்பிக் குறைக்க மறந்துவிடுவாள். மெட்டில்டாவுக்கு எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. ஒரு மார்ச் மாத மாலையில் தப்பைத் தானே கண்டுபிடித்து, “ச்சே, இதுகூடத் தெரியல பாருங்க மிஸ்,” என்று மாளவிகா சிரித்தாள். மெட்டில்டாவும் சிரித்தார். கோபம் போய்விட்டதா என்று அவர் கேட்கவில்லை.

8

ஏப்ரல் வந்தது. தேர்வு முடிந்தது. ஞாயிறு பிற்பகல், தேவாலயத்திலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு, மெட்டில்டா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு முப்பத்தாறு விடைத்தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாளவிகாவுடையது இருபத்தொன்றாவதாக வந்தது.

இந்த இடத்தில் நான் 41 என்று எழுதினேன். எழுதியதும் உங்கள் முகம் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டீர்கள். உழைப்பு வீண்போகவில்லை, மெட்டில்டா செய்ததும் சரிதான் என்று புத்தகத்தை மூடினீர்கள். அழித்தேன்.

29 என்று எழுதினேன். நீங்கள் வருத்தப்பட்டீர்கள். ‘பாவம், முயற்சி செய்தார்கள், இதற்கு மேல் பள்ளிக்கூடம்தான் என்ன செய்யும்’ என்றீர்கள். தாளாளரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அதையும் அழித்தேன்.

மெட்டில்டா கூட்டி முடித்துவிட்டார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். கூட்டலில் அவர் தவறுவதில்லை. இரண்டாம் முறை கூட்டிப் பார்க்கிறார். மூன்றாம் முறை கூட்டிப் பார்க்கிறார். முதல் பக்கத்தில் மொத்த மதிப்பெண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மாளவிகா தன் பெயரைத் தமிழில் எழுதி, அடித்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். அந்த எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். எவ்வளவு வாங்கியிருந்தால் அவளை அந்தப் பெஞ்சில் உட்கார விடுவீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.